குமரி மாவட்ட வீட்டுத் தோட்டத்தில் குளோவர்: அறிகுறி பார்த்துக் கோளாறு தீர்க்கும் வழி

ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போனவர்கள் அங்கே புல்தரையில் தானாகப் படர்ந்து கிடக்கும் வெள்ளைக் குளோவரைப் பார்த்திருப்பீர்கள். மூன்று இலை, ஒவ்வோர் இலையிலும் வெளிறிய ஒரு வளைகோடு, நடுவே உருண்டையாக வெள்ளைப் பூ. பார்த்ததும் நம் முற்றத்திலும் இப்படி விரித்துவிட வேண்டும் என்று ஆசை வரும். எனக்கும் அப்படித்தான் வந்தது. எங்கள் விளை தக்கலைப் பக்கம், தென்னைக்கு நடுவே செம்மண்ணும் சரளையும் கலந்த மேட்டு நிலம். முதல் வருடம் போட்டது அத்தனையும் போனது. இரண்டாம் வருடம் பாதி தேறியது. இப்போது கார்த்திகையில் விதைத்து, பொங்கலை ஒட்டி முதல் அறுப்பு எடுத்து இரண்டு ஆடுகளுக்குப் போடுகிறேன். மிச்சத்தை மண்ணிலேயே மடக்கிவிடுகிறேன்.

விதைக் கடையில் குளோவர் என்று கேட்டால் இரண்டு வகை கிடைக்கும். வெள்ளைக் குளோவர் தரையோடு படர்வது, குளிர்ந்த ஊரில் பல வருடம் நிற்பது. பெர்சீம் என்பது எகிப்துக் குளோவர். நிமிர்ந்து முழங்கால் உயரம் வளரும், ஒரு பருவத்தோடு முடிந்துபோகும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்திலிருந்து சிந்துப் பகுதிக்கு வந்து, பிறகு பஞ்சாபிலும் உத்தரப் பிரதேசத்திலும் பால் மாட்டுக்குக் குளிர்காலத் தீவனமாக நிலைத்துவிட்டது. நம் மாவட்டத்தின் தாழ்ந்த பகுதிக்கு எது என்று என்னைக் கேட்டால் தயங்காமல் பெர்சீம் என்பேன். வெள்ளைக் குளோவரை ஒரு தொட்டியில், காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வைத்து ஆசையைத் தீர்த்துக்கொள்ளலாம்.

இரண்டுக்கும் 15 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரைதான் சுகம். 30-ஐத் தாண்டினால் வளர்ச்சி தளரும். நாகர்கோவிலில் மார்கழி, தை இரவில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆகவே நமக்குக் கிடைப்பது கும்பப்பூ நெல் வயலில் நிற்கும் காலத்தில் ஒரு பகுதிதான். வடகிழக்குப் பருவமழையின் பெரிய அடி ஓய்ந்து வரும் கார்த்திகை முதல் மாசி வரை. கீழே சொல்லும் கோளாறுகளில் பாதி, இந்தக் கணக்கைத் தவறவிட்டு ஆனியிலோ பங்குனியிலோ விதைத்ததால் வருவது.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எந்தக் கோளாறு என்றாலும் இலையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு செடியைச் சுற்றிக் கரண்டியால் ஆழமாகத் தோண்டி, மண்ணோடு எடுத்து, வாளித் தண்ணீரில் மெதுவாக அலசி வேரைப் பாருங்கள். பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும், வேர் வெறுமையாகத் தெரியும், தப்பான முடிவுக்குப் போய்விடுவீர்கள்.

மூன்று இலை சரிதான், ஆனால் பூ மஞ்சளாக வருகிறது

அது குளோவர் இல்லை, புளியாரை. என் முதல் வருடத் தோல்வியில் இதுவும் சேர்ந்தது. விதைத்த இடத்தில் பச்சைப் பசேலென்று மூன்றிலைச் செடி எழும்பியதும் பெருமையாகக் களை பிடுங்கித் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெரியம்மை வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "மக்களே, இது புளியாரைல்லா! சின்னதுல இதப் பறிச்சுத் தின்னுட்டுதான பள்ளிக்கூடம் போனோம்" என்றார்கள். ஒன்றைக் கிள்ளி வாயில் வைத்தேன். புளித்தது.

வித்தியாசம் எளிது. புளியாரையின் இலை நுனி நடுவில் பிளந்து இதயம்போல் இருக்கும், மடிந்து தொங்கும். குளோவர் இலை முட்டை வடிவம், விளிம்பில் மிக நுணுக்கமான பல், வாயில் வைத்தால் புளிப்பு இருக்காது. நான்கு இலையோடு ஒன்று குளத்தங்கரையிலோ வயல் வரப்பிலோ கிடைத்து, அதிர்ஷ்டக் குளோவர் என்று யாராவது கொண்டு வந்தால் அது ஆரைக்கீரை. பெரணி இனத்துச் செடி, பூக்காது.

மூன்றாவதாக ஒன்று உண்டு. முற்றத்தில் கால் படும் இடத்தில் தரையோடு தரையாக ஒட்டிப் படர்ந்து, பொட்டுப்போல் ஊதாப் பூ பூப்பது. அது சிறுபுள்ளடி. அதைப் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். கடைசியில் அதற்கு வருகிறேன்.

பத்து நாளாகியும் முளைக்கவில்லை

கார்த்திகைச் சூட்டில் நல்ல விதை ஒரு வாரத்துக்குள் தலை காட்டிவிடும். பத்து நாள் தாண்டினால் காரணம் தேட வேண்டியதுதான்.

பெரும்பாலும் ஆழம். வெள்ளைக் குளோவர் விதை 1 கிராமில் சுமார் 1,500 இருக்கும், அவ்வளவு பொடி. பெர்சீம் கொஞ்சம் பெரிது. வெண்டைக்கும் பயறுக்கும் குழி போடுவதுபோல் விரல் ஆழத்தில் போட்டால் முளை மேலே வருவதற்குள் அதன் சத்து தீர்ந்துவிடும். அரை சென்டிமீட்டர், மிஞ்சினால் ஒரு சென்டிமீட்டர். விதையோடு பத்துப் பங்கு காய்ந்த மணலைக் கலந்து தூவி, சலித்த தொழுவுரத்தை உப்புத் தூவுவதுபோல் மேலே போட்டு, உள்ளங்கையால் அழுத்தினால் போதும். பெர்சீம் ஒரு சென்டுக்கு 100 கிராம் போதுமானது.

ஆழம் சரியென்றால் எறும்பைப் பாருங்கள். விதைத்த மறுநாள் காலையில் பாத்தி ஓரத்தில் வரிசை ஓடினால் விதை புற்றுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. எங்கள் செம்மண்ணில் இது அடிக்கடி நடக்கும். விதையை முந்தின நாள் இரவு ஊறவைத்து, முளை கட்டும் தறுவாயில் தூவினால் எறும்புக்குக் கிடைக்கும் நேரம் குறையும்.

மணவாளக்குறிச்சி, முட்டம், குளச்சல் போன்ற கடற்கரை மணலில் சிக்கல் வேறு. காலையில் விட்ட தண்ணீர் பத்து மணிக்குள் மேல்மண்ணை விட்டு இறங்கிவிடும், விதை ஊறியும் காய்ந்தும் செத்துப்போகும். ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் இதே வேலையைக் காற்று செய்யும். இரண்டு இடத்துக்கும் மருந்து ஒன்றே: முடைந்த தென்னங்கீற்றைப் பாத்திமேல் போட்டு வையுங்கள். தினமும் மாலையில் தூக்கிப் பாருங்கள். முளை தெரிந்த அன்றே எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் நாற்று வெளுத்து நீண்டு ஒடியும்.

விதை பழசோ என்ற சந்தேகத்தைத் தீர்க்க, ஐம்பது விதையை எண்ணி ஈரத் துணியில் சுருட்டி ஒரு வாரம் வையுங்கள். 35-க்குக் குறைவாக முளைத்தால் விதை அளவைக் கூட்டுங்கள், பாதிக்கும் கீழே போனால் வேறு விதை வாங்குங்கள். சில விதைகள் தோல் கெட்டியாகத் தண்ணீரே குடிக்காமல் அப்படியே கிடக்கும். அவை செத்தவை அல்ல. பொடி மணலோடு சேர்த்து இரண்டு உள்ளங்கைக்கு நடுவே தேய்த்தால் தோல் கீறி முளைத்துவிடும்.

பெர்சீம் விதையில் காசினி (சிக்கரி) என்ற களையின் விதை கலந்திருப்பது வழக்கமாக நடப்பது. 1 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் கல்லுப்புக் கரைத்து விதையைக் கொட்டிக் கலக்குங்கள். காசினியும் பொக்கும் மேலே மிதக்கும். வடித்துவிட்டு, அடியில் நிற்கும் நல்ல விதையை உடனே மூன்று தடவை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உப்போடு விட்டால் அதுவும் கெடும்.

நாற்று தரையோடு சாய்கிறது

தண்டின் கழுத்து தண்ணீர் கோர்த்ததுபோல் பழுப்பாகி, நூலாக மெலிந்து விழுந்தால் நாற்றழுகல். தண்டு கத்தரித்ததுபோல் வெட்டுண்டு கிடந்தால் புழு. இலையும் தண்டும் சேர்ந்து காணாமல் போய், பக்கத்தில் பளபளப்பான தடம் தெரிந்தால் நத்தை. மூன்றையும் ஒன்றாக நினைத்து மருந்தடிப்பதால்தான் பயனில்லாமல் போகிறது.

அழுகலுக்கு ஈரமும் நெருக்கமும்தான் வேர். மாலையில் தண்ணீர் விடும் பழக்கத்தை நிறுத்திக் காலைக்கு மாற்றுங்கள். பாத்தியை ஒரு சாண் உயர்த்துங்கள். விதைக்கும் முன் கிலோவுக்கு 4 கிராம் கணக்கில் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூசணத்தைக் கலப்பது நல்லது. 100 கிராம் விதைக்கு இரு விரலால் எடுக்கும் ஒரு சிட்டிகைதான் வரும்.

இலை மஞ்சளாகிறது, செடி குட்டையாகவே நிற்கிறது

இதுதான் நம் மண்ணில் பெரிய பாடு. நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் எந்த இலை மஞ்சள் என்று பாருங்கள். அடி இலைகள் முதலில் வெளிறி, பிறகு செடி முழுக்க வெளிர்பச்சையாகத் தெரிந்தால் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன் இல்லை. நுனிக் குருத்து மட்டும் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை என்றால் இரும்புச்சத்து எட்டவில்லை. சிப்பித் துகள் நிறைந்த கடற்கரை மணலில் இதை எதிர்பார்க்கலாம். இலை விளிம்பை ஒட்டி வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக வந்து பிறகு கருகினால் சாம்பல்சத்துக் குறைவு. மஞ்சளே இல்லாமல் இலை கரும்பச்சையாக, சிறுத்து, அடியில் ஊதா ஓடினால் மணிச்சத்து.

அடி இலை வெளிறும் முதல் வகைக்கு வேரைப் பார்த்தே ஆக வேண்டும். குளோவர் பயறு வகைக் குடும்பம். காற்றில் இருக்கும் நைட்ரஜனைத் தானாக எடுக்க அதற்குத் தெரியாது. வேரில் முடிச்சுக் கட்டிக் குடியிருக்கும் ரைசோபியம் என்ற பாக்டீரியா எடுத்துக் கொடுக்க வேண்டும். 1880-களில் ஜெர்மனியில் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் இந்த உறவைக் காட்டினார்கள். 1888-இல் நெதர்லாந்தின் பெய்யரிங்க் அந்தப் பாக்டீரியாவையே பிரித்தெடுத்தார். நம் தோட்டத்துக்கு வேண்டிய செய்தி, எல்லாப் பயறுக்கும் ஒரே ரைசோபியம் இல்லை என்பது. உளுந்துக்கும் நிலக்கடலைக்கும் தட்டைப்பயறுக்கும் ஏற்றது நம் மண்ணில் ஏற்கெனவே உண்டு. குளோவருக்கு உரியது தனி இனம். குளோவரே விளையாத மண்ணில் அது இருக்க வாய்ப்பு குறைவு.

இரண்டாம் வருடம் ஒரு கடையில் ரைசோபியம் கேட்டேன். நிலக்கடலைக்கு உள்ள பொட்டலத்தைக் கொடுத்து, "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றார்கள். நானும் நம்பி விதையில் புரட்டினேன். முப்பது நாளில் செடி எலுமிச்சை நிறத்துக்கு வந்தது. தோண்டிப் பார்த்தால் வேர் வழவழவென்று நூல்போல் இருக்கிறது, ஒரு முடிச்சு இல்லை. குதிரை மசாலுக்கு உள்ளதும் இதற்கு உதவாது. அதன் கூட்டாளி வேறு. பொட்டலத்தில் பெர்சீம் அல்லது குளோவர் என்று எழுதியிருக்கிறதா, காலாவதித் தேதி தாண்டவில்லையா என்று படித்துவிட்டு வாங்குங்கள்.

விதையில் ஒட்டவைக்க, ஆறிய கஞ்சித்தண்ணியிலோ கருப்பட்டிக் கரைசலிலோ ரைசோபியத்தைக் குழைத்து, விதையைப் போட்டுப் புரட்டி, நிழலில் உலர்த்தி அன்றே விதையுங்கள். வெயில் பட்டால் பாக்டீரியா செத்துவிடும். சரியான பொட்டலம் கிடைக்கவே இல்லையென்றால் இன்னொரு வழி இருக்கிறது. பெர்சீம் நன்றாக விளைந்த பாத்தியின் மேல்மண்ணை, நோயில்லாத இடமாகப் பார்த்து இரண்டு கை அள்ளி வந்து உங்கள் பாத்தியில் கலந்துவிடுங்கள். மூன்றாம் வருடம் எனக்குக் கைகொடுத்தது இப்படி வந்த மண்தான்.

முடிச்சு இருக்கிறது, ஆனாலும் மஞ்சள் என்றால் ஒரு முடிச்சை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது, ஒரு வாரம் பொறுத்திருங்கள், பச்சை ஏறும். வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் முடிச்சு சும்மா கிடக்கிறது.

சும்மா கிடப்பதற்கு நம் மேற்குப் பகுதியில் பெரிய காரணம் புளித்த மண். குலசேகரம், திருவட்டார், மார்த்தாண்டம் பக்கத்துச் செம்புறை மண்ணில் இரண்டு பருவமழையும் சுண்ணாம்புச்சத்தைக் கழுவிக்கொண்டு போய்விட்டன. ரப்பருக்கு அது ஒத்துக்கொள்ளும், குளோவருக்கு ஒத்துக்கொள்ளாது. மண்ணின் புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு இதற்கு 6-க்கும் 7-க்கும் இடையே வேண்டும். அதற்குக் கீழே போனால் பாக்டீரியா தளரும். மண்ணின் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பூட்டிக்கொள்ளும். நைட்ரஜனைப் பிடிக்கும் நொதிக்கு வேண்டிய மாலிப்டினமும் வேருக்குக் கிடைக்காது. மண் பரிசோதனை செய்து, புளிப்பு என்று தெரிந்தால் சதுர மீட்டருக்கு 100 முதல் 200 கிராம் டோலமைட் என்ற சுண்ணாம்புக்கல் தூளைத் தூவிக் கிளறி, மூன்று வாரம் கழித்து விதையுங்கள். சுண்ணாம்பையும் சாணத்தையும் ஒரே நாளில் போடாதீர்கள், சாணத்தின் தழைச்சத்து ஆவியாகப் போய்விடும். மணிச்சத்துக்கு எலும்புத்தூள் அல்லது ராக் பாஸ்பேட். புளிப்பு மண்ணில் இரண்டும் மெதுவாகக் கரைந்து கொடுக்கும். சாம்பல்சத்துக்கு வீட்டு அடுப்புச் சாம்பலே போதும். கொதும்பும் மட்டையும் எரித்த சாம்பல் என்றால் இன்னும் நல்லது.

கடற்கரை மணல்காரர்கள் சுண்ணாம்பைத் தொடவே வேண்டாம். அங்கே மக்கிய தொழுவுரம் ஒன்றே போதும்.

மஞ்சளைக் கண்டதும் யூரியாவை அள்ளி வீசுபவர்கள் உண்டு. ஒரு வாரத்தில் கரும்பச்சை ஆகும், கண்ணுக்கு நிறைவாக இருக்கும். ஆனால் சோறு சும்மா கிடைத்தால் செடி பாக்டீரியாவுக்கு இடம் கொடுக்காது, முடிச்சு கட்டுவது நின்றுவிடும். கூடவே கோரையும் அருகம்புல்லும் அந்த உரத்தைத் தின்று குளோவரை அமுக்கும். முடிச்சே வராத பருவத்தில், இந்த வருடம் மட்டும் தப்பிக்க வேண்டும் என்றால், ஊறவைத்த கடலைப் பிண்ணாக்கைக் கரைத்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஊற்றுங்கள்.

வேரில் வீக்கம் இருக்கிறது, அது முடிச்சுதானா?

விரலால் தள்ளிப் பாருங்கள். நல்ல முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும், தள்ளினால் உதிரும். வேரே அங்கங்கே பருத்து, ஜெபமாலை மணிபோல் கோத்து நின்று, தள்ளினால் வராவிட்டால் அது வேர்முடிச்சு நூற்புழு. முன்பு வெண்டை, கத்தரி, தக்காளி நின்ற பாத்தியில் இது நிறைய. குளோவர் இதைத் தாங்காது.

அந்தப் பாத்தியைக் கைவிட்டு, அடுத்த பருவம் அங்கே கிரேந்தி (செண்டுமல்லி) நடுங்கள். அதன் வேரிலிருந்து வரும் பொருள் நூற்புழுவை அடக்கும். பூவும் வீண்போகாது, தோவாளைப் பூச்சந்தை பக்கத்திலேயே இருக்கிறது. குருணை மருந்து போடச் சொல்வார்கள். ஆடு மாடு தின்னப் போகிற தழைக்கு அதைப் போடாதீர்கள்.

மழைக்குப் பிறகு வட்ட வட்டமாக அழுகுகிறது

அழுகிய இடத்தின் தரையை விலக்கிப் பாருங்கள். வெள்ளைப் பஞ்சுபோல் பூசண இழையும், அதில் கடுகுபோல் பழுப்பு உருண்டைகளும் தெரிந்தால் தண்டழுகல் நோய். ஸ்கிளிரோஷியம் என்ற பூசணம். நிலக்கடலை போட்டவர்களுக்கு இது பழக்கமான எதிரி. அந்தக் கடுகு உருண்டைதான் அதன் விதை மாதிரி. மண்ணில் வருடக் கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆகவே அழுகிய செடியை மட்டும் பிடுங்கினால் போதாது. சுற்றிலும் ஒரு சாண் மண்ணையும் சேர்த்து வெட்டி எடுத்து எரித்துவிடுங்கள். உரக்குழியில் போடவே கூடாது. குழி விழுந்த இடத்தில் டிரைக்கோடெர்மா கலந்த தொழுவுரம் போடுங்கள்.

வடகிழக்கு மழை பெய்யும்போது குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை பாத்தியைப் போய்ப் பாருங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது என்பது அப்போதுதான் தெரியும். மழை விட்டபின் தேடினால் தெரியாது. நான் வாய்க்கால் வெட்டியது அப்படி நனைந்துகொண்டே கண்ட இடத்தில்தான்.

இலையில் ஓட்டை, அசுவினி

இரவு டார்ச் அடித்துப் பாருங்கள். நம் மாவட்டத்தின் ஈரமான வாழைத்தோட்டங்களில் ஆப்பிரிக்க நத்தை பெருகிக் கிடக்கிறது. நனைந்த சாக்கின் அடியில் பப்பாளி இலையை வைத்துவிட்டால் காலையில் அங்கே கூடியிருக்கும். வெறுங்கையால் எடுக்காதீர்கள். அவற்றின் உடலில் மனிதருக்கு மூளைக்காய்ச்சல் தரும் ஒட்டுண்ணிப் புழு இருக்கக்கூடும். பிளாஸ்டிக் உறை மாட்டி எடுத்து உப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள். பாத்தியில் உப்பைத் தூவினால் நத்தையோடு குளோவரும் சாகும்.

தடமில்லாமல் ஓட்டை மட்டும் என்றால் புரொடீனியா புழு. இலையடியில் முட்டைக் குவியலைக் கண்டால் இலையோடு கிள்ளிவிடுங்கள். அசுவினிக்கு நான் எதுவும் அடிப்பதில்லை. பொறிவண்டு ஒரு வாரத்தில் வந்துவிடும்.

மஞ்சள் நூல் சுற்றிக்கொண்டிருக்கிறது

இலையில்லாத மஞ்சள் கொடி செடியைச் சுற்றி நெருக்கினால் அது அம்மையார் கூந்தல். மண்ணில் வேர் இருக்காது, குளோவரின் தண்டுக்குள் உறிஞ்சிகளை விட்டுக் குடிக்கும். விதையோடு கலந்து வருவது இது. பிய்த்து எடுக்காதீர்கள், ஒரு விரல் நீளத் துண்டு மிச்சமிருந்தாலும் மறுபடி பற்றும். சுற்றியிருக்கும் குளோவரையும் சேர்த்துத் தரைமட்டத்துக்கு அறுத்து, அது பூப்பதற்கு முன் எரித்துவிடுங்கள்.

அறுத்த பிறகு தழையவில்லை

அரிவாள் தரையைத் தொட்டுவிட்டது. பெர்சீம் மறுபடி துளிர்ப்பது அடித்தண்டிலிருக்கும் மொட்டுகளிலிருந்து. நான்கு விரல் உயரம் விட்டு அறுங்கள். முதல் அறுப்பு 50 முதல் 60 நாளில், அதன்பின் 25 முதல் 30 நாளுக்கு ஒரு முறை. வடக்கே நான்கைந்து அறுப்பு எடுப்பார்கள். எனக்கு இரண்டு நிச்சயம், மழை பின்தங்கிய வருடம் மூன்று. அதற்குமேல் ஆசைப்படவில்லை.

அறுத்த கையோடு ஒரு எச்சரிக்கை. பசித்த ஆட்டை ஈரமான குளோவரில் விட்டுவிடாதீர்கள். வயிற்றில் நுரை கட்டி, காற்று வெளியே வராமல் இடப்பக்கம் மத்தளம்போல் உப்பும், மூச்சு முட்டிச் சில மணி நேரத்தில் உயிரே போகும். முதலில் வைக்கோல் கொடுங்கள். குளோவரை அறுத்து மூன்று நான்கு மணி நேரம் வாடவிட்டு, வைக்கோலோடு கலந்து, மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல் போடுங்கள். பனி காயாத காலை நேரத்தில் வேண்டவே வேண்டாம். இடப்பக்கம் உப்பியது தெரிந்தால் ஆட்டைப் படுக்க விடாமல், முன்னங்கால் மேட்டில் இருக்கும்படி நிறுத்திக்கொண்டு, உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். முயலுக்கும் இதே எச்சரிக்கை.

பூக்கவே இல்லை

இதற்கு உங்கள் மேல் குற்றமில்லை. வெள்ளைக் குளோவர் தாராளமாகப் பூக்கக் குளிரும் அதன்பின் நீண்ட பகலும் வேண்டும். நாம் இருப்பது 8 பாகை வடக்கில். இங்கே வருடத்தின் மிக நீண்ட பகலே ஏறத்தாழ பன்னிரண்டரை மணி நேரம்தான். ஊட்டியில் குளிராவது உண்டு, தாழ்ந்த குமரியில் அதுவும் இல்லை. வெள்ளைப் பூவுக்காக மட்டும் போடுவதென்றால் வேண்டாம் என்றே சொல்வேன்.

இரவில் இலைகள் கூம்பிவிடுவதைப் பார்த்துச் சிலர் பயந்து கேட்கிறார்கள். அது அதன் தூக்கம். காலையில் விரியும்.

மாசி முடிய முடியக் காய்ந்து மறைகிறது

மதியம் துவண்டு, சாயங்காலம் நிமிர்ந்தால் வெயில். மாலையிலும் நிமிரவில்லையென்றால் மறுபடி வேரைப் பாருங்கள். வேர் நன்றாக இருந்தும் பங்குனியில் செடி ஒவ்வொன்றாகப் போகிறதென்றால் காலம் முடிந்துவிட்டது. எவ்வளவு தண்ணீர் விட்டாலும் நிற்காது. தென்னை நிழலில் இரண்டு வாரம் கூடுதலாக இழுக்கும், அவ்வளவுதான். முழுதும் காயவிடாமல், பச்சையாக இருக்கும்போதே மண்வெட்டியால் கொத்தி மடக்கிவிடுங்கள். முடிச்சிலும் தழையிலும் சேர்ந்த நைட்ரஜன் அடுத்து வரும் வெண்டைக்கோ கீரைக்கோ போய்ச் சேரும். மூன்று வாரம் மக்கவிட்டு நடுங்கள்.

வருடம் முழுக்கத் தரையில் பச்சை வேண்டும் என்பவர்களுக்குக் குளோவர் சரியான செடி இல்லை. ரப்பர் தோட்டத்தில் இளங்கன்றுகளுக்கு நடுவே பியூரேரியா கொடியை மூடுபயிராக விடுவதை மலையோரத்தில் பார்த்திருப்பீர்கள். அது நைட்ரஜன் சேர்க்கும், மண்ணரிப்பைத் தடுக்கும். ஆனால் வீட்டு முற்றத்தில் விட்டால் கிணற்றையும் கூரையையும் மூடிவிடும். முற்றத்துக்கு நல்லது, மஞ்சள் பூப்பூக்கும் படர் நிலக்கடலை. தண்டுத் துண்டை ஊன்றினாலே பிடித்துக்கொள்ளும், அரை நிழலிலும் வரும். தீவனமே நோக்கம் என்றால் வறட்சி தாங்கும் முயல் மசாலும் வேலி மசாலும் நம் வெயிலுக்குப் பழகியவை.

கால் படும் இடத்துக்குச் சிறுபுள்ளடியே போதும் என்பது என் எண்ணம். குளோவருக்குத் தேடி அலைந்த பாக்டீரியா இதற்குத் தேவையில்லை, நம் மண்ணில் இருப்பதே முடிச்சுக் கட்டும். விதை வாங்க வேண்டாம். நன்றாகப் படர்ந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மண்ணோடு பெயர்த்து, இரண்டு அடிக்கு ஒன்று வீதம் ஆனி மழையில் பதித்துவிடுங்கள். முதல் இரண்டு மாதம் கோரையை மட்டும் கையால் பிடுங்கிக்கொடுங்கள். எங்கள் வீட்டுக் கிணற்றடியில் போன ஆனியில் பதித்த ஒன்பது துண்டுகள் தை மாதத்துக்குள் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டன. இப்போது பெரியம்மை தண்ணீர் எடுக்க வரும்போது செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல்தான் நடக்கிறார்கள்.